முப்பத்திரண்டு இன்ச்

ஜனவரி 6

வரிக்காரிக்கு,

போன்ல பேசினா ரெண்டு பேரும் "ம்", "ம்"னு சொல்லிட்டு வெச்சிடறோம், இனிமே எழுதிக்கலாம்னு நீதான் சொன்ன. அதான் எழுதறேன். எனக்குப் பேசற மாதிரிதான் எழுத வரும். படத்துல பேசற பேச்சை எல்லாம் வெட்டி ரெண்டு ரெண்டு வரியா அடியில போடறதுதானே உன் வேலை, என் பேச்சையும் மனசுக்குள்ள வெட்டிக்கோ.

ஒரு யோசனை வேணும். பெரிய மானிட்டர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். அந்த லாரி கேமுக்குத்தான், வேற எதுக்கும் இல்ல. இந்த லேப்டாப்ல லாரியோட சைடு கண்ணாடி தீப்பெட்டி சைஸ்ல தெரியுது. பின்னாடி வர்றது பஸ்ஸா பைக்கான்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள அது என்னைத் தாண்டிப் போயிடுது.

இப்ப ஒரு உயரமான கட்டடத்துல லிஃப்ட் மாட்டிட்டு இருக்கோம். காலையில அந்தக் குழிக்குள்ள இறங்கினா நாலு பக்கமும் சிமெண்டு, தலைக்கு மேல சதுரமா கொஞ்சம் வெளிச்சம். அவ்வளவுதான் எனக்கு உலகம். சாயங்காலம் வந்து உக்காந்தா ரோடும் வானமும் கொஞ்சம் பெருசா தெரிஞ்சா தேவலைன்னு இருக்கு. அதுக்கு மேல ஆசை ஒண்ணும் இல்ல.

கடைக்குப் போனேன். "என்ன கேம் சார் ஆடுவீங்க?"ன்னார் கடைக்காரர். லாரி ஓட்டுவேன்னேன். அவருக்குச் சப்புன்னு ஆயிடுச்சு. "சண்டை கேம் எதுவும் இல்லையா?" "வீட்ல போட்டதே போதும் சார்"னேன். சிரிச்சிட்டு நாலஞ்சு மானிட்டர் காட்டினார். இருபத்தேழு, முப்பத்திரண்டு, வளைஞ்சது, தட்டையானது. நூத்தி நாப்பத்தி நாலு இல்லன்னா வாங்காதீங்கன்னார். எதுல நூத்தி நாப்பத்தி நாலுன்னு கேக்க வெக்கமா இருந்துச்சு, தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் மானிட்டர் பாத்து வாங்கிக் குடுத்தது நீதானே. எது நல்லதுன்னு சொல்லு.

அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?

மெக்கானிக்

ஜனவரி 9

மெக்கானிக்குக்கு,

நீ எழுத மாட்டாய் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டாய். நலம் விசாரிப்பதற்கு முன்பே மானிட்டரைப் பற்றிக் கேட்டிருக்கிறாய், பரவாயில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வது எனக்கும் சுலபம்.

கடைக்காரர் சொன்ன நூற்று நாற்பத்து நான்கு, ஒரு நொடியில் திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. பாய்ந்து பாய்ந்து சுடுகிறவர்களுக்கு அது வேண்டும். ஓரமாக லாரியை உருட்டிக்கொண்டு போகிற உனக்கு அதில் பாதி போதும். ஆனால் திரை பெரிதானால் அதில் உள்ள புள்ளிகளும் பெரிதாகிவிடும் என்பதை மறக்காதே. முப்பத்திரண்டு இன்ச்சில் சாதாரண எச்டி எடுத்தால் ரோட்டோரப் பலகைகளின் எழுத்தெல்லாம் பூச்சி அரித்த மாதிரி இருக்கும். அதற்கு ஒரு படி மேலே இருப்பதைக் கேள், கடையில் டூ கே என்பார்கள். உன் லேப்டாப் அதை இழுக்குமா என்று முதலில் பார். அதற்கும் வயதாகிவிட்டது.

வளைந்த திரை ஒரே ஒருவருக்காகச் செய்தது. நேர் நடுவில் உட்கார்ந்தால் இரண்டு ஓரமும் உன்னைப் பார்த்துத் திரும்பியிருக்கும், ஓட்டுநர் இருக்கையில் இருப்பது போலவே இருக்கும். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு ஓர் ஓரம் சரியாகத் தெரியாது, பெரும்பாலானவற்றில் நிறமும் வெளுத்துவிடும். தட்டையில், ஐபிஎஸ் என்று போட்டிருப்பதில், எங்கே இருந்து பார்த்தாலும் நிறம் அப்படியே இருக்கும். யார் யார் பார்க்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்து நீயே முடிவு செய்துகொள்.

முன்பெல்லாம் நான் பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். என்ன சரக்கு ஏற்றுவது என்று கேட்பாய். எப்போதும் ஜன்னல் கண்ணாடிதான் சொல்வேன். மேடு பள்ளத்தில் நீ பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவதைப் பார்ப்பதற்காகவே. திருப்பத்தை நீ தவற விடும்போது புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே "போச்சு, தாண்டிட்ட" என்பேன். நிறத்தைப் பற்றி எழுதும்போது இது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் விட முக்கியம் மேசையின் ஆழம். முப்பத்திரண்டு என்றால் முகத்துக்கும் திரைக்கும் நடுவே கையை முழுசாக நீட்டும் தூரம் வேண்டும். இல்லாவிட்டால் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். நீ இருக்கிற நாலு பேர் அறையில் சுவரில் அடித்த பலகைதானே மேசை? சாப்பாட்டுத் தட்டே பாதி வெளியே தொங்கும் என்று சொல்லியிருக்கிறாய். டேப் வைத்து அளந்து எழுது.

வாங்கினால் பெட்டியை எறிந்துவிடாதே. திரையில் எரியாத செத்த புள்ளி ஏதாவது இருந்தால் பெட்டி இல்லாமல் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்து வரும்போது கொண்டு வருவதற்கும் அதுதான் வேண்டும்.

அத்தைக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. உன் கடிதத்தைச் சொன்னேன்.

"டிவி வாங்கறானா?"

"டிவி இல்ல அத்தை, மானிட்டர்."

"சீரியல் வருமா அதுல?"

"வராது."

"அப்புறம் எதுக்கு அவ்ளோ பெருசு?"



வரிக்காரி

ஜனவரி 12

வரிக்காரிக்கு,

இவ்வளவு விஷயம் இருக்கா இதுல. கடைக்காரர்கிட்ட போய் "ஐபிஎஸ், டூ கே, எழுபத்தஞ்சு போதும்"னேன். "யாரு சார் சொல்லிக் குடுத்தா?"ன்னு மரியாதையா நாற்காலி போட்டார். வீட்டுக்காரின்னேன். "அவங்களையே கூட்டிட்டு வந்திருக்கலாமே"ன்னார். நான் வேற பேச்சுக்குப் போயிட்டேன்.

அளந்துட்டேன். மேசை ஆழம் எழுபது சென்டிமீட்டர், அகலம் நூத்தி இருபது. கனமான மரம், ஆட்டமே இல்ல. முப்பத்திரண்டு தாராளமா உக்காரும்ல? ஒரே ஒரு சந்தேகம். மேசை ஜன்னலுக்கு நேரா இருக்கு, சாயங்கால வெயில் உள்ள வருது. திரையில பட்டா கூசுமா? மேசையைத் திருப்பிப் போட்டுடவா? நேத்து குறட்டை விடுவானே, அவன் வந்து பாத்துட்டு, திருப்பினா கட்டில் இடிக்கும்னு சொல்லிட்டுப் போனான்.

வளைஞ்சதா தட்டையாங்கறது இன்னும் முடிவு பண்ணல. வளைஞ்சதுல உக்காந்து பாத்தேன். நிஜமாவே லாரி கேபின்ல இருக்கற மாதிரி இருந்துச்சு, இறங்கவே மனசு வரல.

மார்ச் பத்தி அப்புறம் எழுதறேன். சூப்பர்வைசர் கூப்பிடறார்.

மெக்கானிக்

ஜனவரி 15

மெக்கானிக்குக்கு,

வெயில் படும். ஜன்னலுக்கு எதிரே திரை இருந்தால் நீ ரோட்டைப் பார்க்க மாட்டாய், உன் முகத்தைத்தான் பார்ப்பாய். மேசையைப் பக்கவாட்டில் திருப்பினால் போதும்.

இனி மற்றது.

நாலு பேர் அறையில் ஜன்னல் கிடையாது. கதவுக்கு மேலே ஒரு காற்றுப் போக்கிதான் இருக்கிறது, அதிலும் யாரோ செருப்பைச் செருகி வைத்திருக்கிறார்கள் என்று நீயே சொல்லிச் சிரித்தாய். அங்கே கனமான மர மேசை நுழையாது. அடுத்த கட்டிலில் படுத்துக் குறட்டை விடுகிறவன் "வந்து பாத்துட்டுப் போக" வேண்டிய அவசியமும் இல்லை. நான் நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறவள். எந்தச் சொல் இடறுகிறது என்று தெரிந்துவிடும்.

அத்தையிடம் கேட்டேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "அவன் ரூம் மாறிட்டானா அத்தை?" என்றேன். தலை நிமிரவில்லை. "காத்தோட்டமா இருக்குதாம்" என்றார். பிறகு, "உன்கிட்ட அவனே சொல்றேன்னான், நான் எதுக்கு நடுவுல" என்றார். உரித்த பட்டாணியை எல்லாம் தோலோடு சேர்த்துக் கொட்டிவிட்டு மறுபடி பொறுக்கினார். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைக்கும் மருமகளுக்கும் நடுவே மூச்சை அடக்கிக்கொண்டு இத்தனை நாள் இருந்திருக்கிறார், பாவம்.

என் வேலையைப் பற்றி நீ ஒருநாளும் கேட்டதில்லை. ஒருவர் மூச்சு விடாமல் பேசுவார். அத்தனையும் எழுதினால் பார்க்கிறவர் படித்து முடிப்பதற்குள் காட்சி போய்விடும். அதனால் அவர் என்ன சொல்ல வருகிறார் என்பதை மட்டும் எடுத்து இரண்டு வரியில் வைக்க வேண்டும். உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்து அதே மாதிரி செய்து பார்த்தேன். அளவு, ஆழம், வளைவு, வெயில் எல்லாம் போய் மிஞ்சியது இதுதான்:

பெரிய திரை வாங்குகிறேன்.
மார்ச்சில் வரப் போவதில்லை.

தப்பாக வெட்டியிருந்தால் திருத்தி அனுப்பு.

வரிக்காரி

ஜனவரி 24

வரிக்காரிக்கு,

இத்தனை நாள் ஆயிடுச்சு. நாலு தடவை எழுதி நாலு தடவையும் அழிச்சேன்.

தப்பா வெட்டல. முழுசாவும் சரியில்ல. கம்பெனில இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் பேப்பர் குடுத்திருக்காங்க. கையெழுத்துப் போடல. மேசை மேலயே இருக்கு, மேல டேப்பை வெச்சிருக்கேன் பறக்காம. ரூம் எடுத்தது நிஜம். நாலு பேர் ரூம்ல மூச்சு முட்டுச்சு. உன்கிட்ட சொன்னா "அப்ப அங்கேயே இருக்கப் போறியா"ன்னு கேப்ப, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, அதான் சொல்லல. அம்மாவை இழுத்து விட்டது தப்புதான்.

போன லீவுல வந்தேனே, ஞாபகம் இருக்கா. என் மேசை இருந்த இடத்துல உன் மேசை, மேல உன் ரெண்டு திரை. உங்க ஆபீஸை மூடிட்டு வீட்லேருந்து வேலை செய்யச் சொல்லிட்டாங்க, நீதான் என்ன பண்ணுவ. நான் கட்டில் ஓரத்துல உக்காந்து ஸ்டூல் மேல லேப்டாப்பை வெச்சுக்கிட்டேன். நீ ஹெட்போன் மாட்டிட்டு உக்காந்திருப்ப. நான் நடந்தா தரை அதிருது, தண்ணி குடிச்சா டம்ளர் சத்தம். ஒரு நாள் எதையோ கேக்கலாம்னு பக்கத்துல வந்தேன். நீ திரும்பிக்கூடப் பாக்கல, "ஒரு நிமிஷம்"னு கையை மட்டும் தூக்கின. நான் நின்னேன். நீ கையை இறக்க மறந்துட்ட. கொஞ்ச நேரம் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போய்ட்டேன். எனக்கு அந்தக் கை இன்னும் கீழே இறங்கவே இல்ல.

உங்க ஆபீஸ் லிஃப்ட் நின்னப்ப வந்து சரி பண்ணினேனே, அப்பதானே உன்னை முதல்ல பாத்தேன். அன்னிக்குக்கூட நீ "உக்காருங்க, டீ சாப்பிடுங்க"ன்ன. போன லீவுல வேலை முடிஞ்சும் கிளம்பாம நிக்கற மெக்கானிக் மாதிரி இருந்துச்சு எனக்கு.

குத்தம் சொல்லல. அந்த வீட்ல எனக்குன்னு ஒரு மேசை இல்ல. இங்க ஒண்ணு இருக்கு. அவ்வளவுதான் விஷயம்.

மானிட்டர் வாங்கிட்டேன். முப்பத்திரண்டு.

மெக்கானிக்

ஜனவரி 28

மெக்கானிக்குக்கு,

கையைத் தூக்கியது எனக்கு நினைவில் இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். உனக்கு இத்தனை நாள் இறங்காத கை எனக்கு ஒரு வினாடிகூட நினைவில் இல்லை என்பது என்னவோ போல் இருக்கிறது.

ஆனால் என் பக்கத்தையும் கேட்டுக்கொள். நீ இல்லாத வீட்டில் தண்ணீர் மோட்டார் பழுதானால் நான். அத்தையை டாக்டரிடம் கூட்டிப் போக நான். அங்கே வரிசையில் உட்கார்ந்தபடி மடியில் லேப்டாப்பை வைத்து வரி போட்டிருக்கிறேன். நீ வந்து இறங்கிய அன்று வாசலில் உன் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது சந்தோஷம் இல்லை. துவைக்க இன்னும் ஒருவருடைய துணி என்றுதான் தோன்றியது. இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் மேல் அன்பில்லாமல் இல்லை. அன்புக்கு வேண்டிய தெம்பு அப்போது என்னிடம் இல்லை. நீயும் களைத்துப் போய்த்தான் வந்திருந்தாய். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய நினைத்தோம், யாரும் நிமிர்ந்து நிற்கவில்லை.

அதனால் "வந்துவிடு" என்று கெஞ்ச எனக்கு வரவில்லை. கெஞ்சி வந்தவன் மறுபடி கட்டில் ஓரத்தில்தான் உட்காருவான். "இருந்துவிடு" என்று சொல்லவும் மனம் இல்லை. பேப்பர் உன் மேசையில் இருக்கிறது. உன் கையெழுத்து, நீதான் போட வேண்டும், அல்லது போடாமல் இருக்க வேண்டும்.

நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அளந்தேன். முப்பத்திரண்டின் அகலம் எழுபது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இந்த வீட்டில் அதற்கு இடமே இல்லை, என் புத்தக அலமாரி நிற்கும் இடத்தைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை அலமாரியைக் காலி செய்தேன். அத்தை ஒவ்வொரு புத்தகமாக வாங்கி, புடவைத் தலைப்பால் தூசி தட்டி, கட்டிலுக்கு அடியில் அடுக்கினார்.

"இவ்ளோத்தையும் படிச்சிட்டியா?"

"பாதி படிச்சிருக்கேன்."

"மீதி?"

"படிக்கணும் அத்தை."

"அவன் வந்து லாரி ஓட்டினா எங்க படிக்கறது? டுர்ருன்னு கத்துமே அது."

"முன்னாடி அந்தச் சத்தத்துலதான் படிச்சேன்."

அத்தை அடுத்த புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். "அப்ப டுர்ருன்னு கத்தட்டும்" என்றார்.

அலமாரியைப் பக்கத்து வீட்டுக்காரரும் நானுமாகத் தூக்கிக் கூடத்தில் போட்டோம். சுவரில் அது நின்ற இடம் மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்தது போல் வெள்ளையாக இருக்கிறது. இரண்டு நாற்காலி போட்டுப் பார்த்தேன். முழங்கால் இடிக்கும். ஆனால் போடலாம்.

இதை உன்னை வரவழைப்பதற்காகச் செய்ததாக எடுத்துக்கொள்ளாதே. நீ வராவிட்டாலும் அந்த இடம் அப்படியே இருக்கட்டும் என்றுதான் இருக்கிறேன். வீட்டில் உனக்கு ஒரு மேசை இல்லை என்று இனி நீ எழுத முடியாது.

வளைந்ததா தட்டையா என்று நீ எழுதவில்லை. நான் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். பெட்டி இருக்கிறதா?

வரிக்காரி

பிப்ரவரி 4

வரிக்காரிக்கு,

பெட்டி இல்ல. வாங்கின அன்னிக்கே கீழே குப்பை போடற ரூம்ல கொண்டு போய்ப் போட்டுட்டேன். பத்திரமா வைன்னு நீ எழுதினது ஞாபகம் இருந்துச்சு. ஞாபகம் இருந்துதான் போட்டேன். அன்னிக்கு மனசு அப்படி இருந்துச்சு.

உன் கடிதம் வந்ததும் படிச்சிட்டுக் கீழே போனேன். குப்பை ரூம்ல இல்ல. வாசல்ல வாட்ச்மேன் உக்காந்திருந்தார்.

"என்ன தேடறீங்க?"

"ஒரு அட்டைப் பெட்டி. பெருசா, தட்டையா இருக்கும்."

"உள்ள ஏதாவது விட்டுட்டீங்களா?"

"இல்ல, பெட்டிதான் வேணும்."

என்னை ஒரு மாதிரி பாத்தார். அப்புறம்தான் நானும் பாத்தேன், அவர் உக்காந்திருந்ததே அது மேலதான். "நல்லா மெத்து மெத்துன்னு இருக்கு, குடுத்தா நான் எதுல உக்கார்றது?"ன்னார். மேலே போய் என் நாற்காலியில போட்டிருந்த மெத்தையை எடுத்துட்டு வந்து குடுத்தேன். அழுத்திப் பாத்துட்டு, "இதுக்கு அது பரவாயில்ல"ன்னு முனகிக்கிட்டே எழுந்தார். பெட்டி நடுவுல கொஞ்சம் குழிஞ்சிருக்கு. தெர்மாகோல் குப்பைக்கூடை பக்கத்துலயே கிடந்துச்சு, ஒரு மூலை போயிடுச்சு. அந்த மூலையில துணி சுத்தி வெச்சா தாங்கும். கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சிருக்கேன்.

ரெண்டு வருஷப் பேப்பர்ல கையெழுத்துப் போடல. ஆனாலும் மார்ச்சில வர முடியாது. இப்ப மாட்டற லிஃப்ட் ஓட ஆரம்பிக்கற வரைக்கும் இருக்கேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். ஆகஸ்ட் ஆகும், தள்ளினா செப்டம்பர். சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வெச்சிருக்கார். அங்க வந்து என்ன வேலைன்னு இன்னும் தெரியல. அதை நினைச்சா இப்பவே அசதியா இருக்கு. ஆனா துணியை நானே துவைச்சுக்குவேன். இங்க கத்துக்கிட்டேன்.

மெத்தை இல்லாத நாற்காலியில உக்காந்துதான் இதை எழுதறேன், இடுப்பு வலிக்குது.

நீ கேக்கல, நானா சொல்றேன். உன் ரெண்டு வரியைப் படிச்ச கோவத்துல வளைஞ்சதை வாங்கணும்னுதான் கடைக்குப் போனேன். உக்காந்து பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் எழுந்து, பக்கத்துல ஒரு நாற்காலி இருந்தா எங்க இருக்குமோ அங்க போய்க் குனிஞ்சு நின்னு பாத்தேன். நீ சொன்ன மாதிரி ஓரம் வெளுத்துப் போச்சு.

"அங்க நின்னு யாரு சார் பாக்கப் போறாங்க?"ன்னார் கடைக்காரர்.

தட்டையை எடுங்கன்னேன்.

மெக்கானிக்